ஐம்பது அட்டையும் ஒரு ஜாதிக்காயும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 41 வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது ஒரு ஜாதிக்காய்.

அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு ஒன்றாக 50 அட்டை, ஒரு பெட்டியில். முன்பக்கம் மாநிலத்தின் வரைபடமும் தலைநகரும். பின்பக்கம் அந்த மாநிலத்தின் பட்டப்பெயர், ஒரு வண்ணப் படம், பெயர் எப்படி வந்தது என்று இரண்டு மூன்று வரி. எல்லாம் ஆங்கிலம். விலை 590 ரூபாய். புதுச்சேரியில் மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில், பிள்ளைகளுக்கான புத்தகமும் விளையாட்டுச் சாமானும் விற்கிற சின்னக் கடையில் வாங்கினேன். என் மகள் குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பேத்தி ஜூன் கடைசியில் லீவுக்கு வருவதாக இருந்தது. அவள் ஊரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துவைத்துக்கொண்டால் பேச்சுக் கொடுக்க வசதியாக இருக்குமே என்றுதான் வாங்கினேன்.

கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. சின்னக் கம்பெனி. குறைகளை விவரமாக எழுதிக் கடிதம் போட்டிருக்கிறேன். திருத்திக்கொள்ள அவகாசம் கொடுப்பதுதான் முறை.

முதலில் சாமானின் தரம். அட்டை நல்ல கெட்டி. மூலைகளை வளைத்து வெட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் கையைக் கிழிக்காது. ஒரு தடவை டீ சிந்தியது, துடைத்ததும் போய்விட்டது. பெட்டிதான் மட்டம். நாலாம் நாளே மூடியின் மூலை பிரிந்துவிட்டது, இப்போது ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். இதைவிடப் பெரிய குறை, வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது நெவாடா இரண்டு இருந்தது, நெப்ராஸ்கா இல்லை.

மறுவாரம் சரக்கு எடுக்கப் புதுச்சேரி போனபோது பெட்டியையும் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. இன்னொரு பெட்டியைப் பிரித்து நெப்ராஸ்காவை எடுத்துக் கொடுத்தார்.

"அப்போ அந்தப் பெட்டி குறையுமேம்மா?" என்றேன்.

"அதை நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுவேன் ஐயா. நீங்க அந்த நெவாடாவை மட்டும் கொடுத்துடுங்க."

அப்படி ஒரு கடைக்காரரைப் பார்த்து நாளாயிற்று. நானும் கடைக்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

சரி, அட்டையில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். பட்டப்பெயர் என்றாலே பாதிக்குப் பாதி வசவுதான். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தை 'எண்ணெய்க்குடம்' வீடு என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர் யாரோ ஒருவர் கல்யாண வீட்டில் நல்லெண்ணெய்க் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டாராம். சிரித்து வைத்த பெயர். இன்றைக்கு அவருடைய கொள்ளுப்பேரன் கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள், இல்லாவிட்டால் சொந்தக்காரர்களுக்கு எந்த வீடு என்று தெரிவதில்லை. ஒரு வசவு மூன்று தலைமுறையில் முகவரி ஆகிவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதை பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லுகிற அட்டைகள் இந்தப் பெட்டியில் அருமையாக இருக்கின்றன. மறைத்து, பூசி மெழுகிய அட்டைகள் வீண்.

ஓக்லஹாமா அட்டையைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவேன். அந்த மாநிலத்துக்கு 'சூனர்' மாநிலம் என்று பெயர். 1889 ஏப்ரல் 22ஆம் தேதி நண்பகல் 12 மணிக்கு எல்லையைத் திறந்துவிடுவோம், ஓடிப் போய் யார் முதலில் முளை அடிக்கிறார்களோ அவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என்று அரசாங்கம் அறிவித்தது. சுமார் 50,000 பேர் குதிரையிலும் வண்டியிலும் கால்நடையாகவும் எல்லையில் நின்றார்கள். ஆனால் சிலர் முந்தின ராத்திரியே கள்ளத்தனமாக உள்ளே புகுந்து, ஓடைக்கரைப் புதரில் ஒளிந்திருந்து நல்ல நிலமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். நேரத்துக்கு முன்பே போனவன், அதுதான் சூனர். திருட்டுப் பயல் என்று திட்டுகிற பெயர். கோர்ட்டில் வருஷக்கணக்காக வழக்கு நடந்தது. அப்புறம் 1908இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பிறகு மாநிலத்துக்கே பெயர் ஆனது. அட்டை இதை ஒளிக்காமல் சொல்கிறது. ஒரே ஒரு வரி சேர்த்திருக்கலாம்: அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலம் இல்லை. அதற்கு முன்பு அமெரிக்கப் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கி, பிறகு அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட பகுதிக்குள் இருந்தது. அது தெரியாமல் ஓட்டப்பந்தயக் கதை முழுமை ஆகாது.

வட கரோலினாவின் பெயர் 'தார்க் குதிகால்'. அங்கே பைன் மரக் காடு அதிகம். விறகை அடுக்கி மண்ணால் மூடி மெதுவாக எரித்தால் கீல், அதாவது தார், வடியும். கப்பல் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்க அதைத்தான் பூசுவார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அந்த மாநிலத்துக்கு இதுதான் பிழைப்பு. கீல் எடுக்கிறவர்கள் வெறுங்காலோடு வேலை செய்வார்கள், குதிகாலில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. அப்படிக் கருத்த காலோடு நடக்கிற ஏழை என்று கேலி பேசப் பிறந்த பெயர். பிறகு 1860களின் உள்நாட்டுப் போரில், காலில் தார் ஒட்டியவன் மாதிரி இடத்தை விட்டு நகராமல் நின்று சண்டை போட்டவர்கள் என்று அதையே பெருமையாகத் திருப்பிக்கொண்டார்கள். அட்டையில் இந்தப் போர்க் கதை மட்டும்தான் இருக்கிறது. கீல் எடுத்தவனின் கால் இல்லை. அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்தவர்கள் கறுப்பின அடிமைகள் என்பதும் இல்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கடலூர் முதுநகர்ப் பக்கம் படகு செய்கிறவர்கள் குங்கிலியம் என் கடையில் வாங்கியிருக்கிறார்கள். அதைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்கில் பூசுவார்கள். அவர்கள் கை விரலைப் பார்த்தவன் நான். காசு எண்ணிக் கொடுக்கும்போது நோட்டு விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்தவனுக்கு 'தார்க் குதிகால்' என்றால் என்னவென்று போர்க் கதை சொல்லாமலே புரியும்.

விஸ்கான்சின் அட்டை தப்பு. 'பேட்ஜர்' மாநிலம் என்று போட்டு, அந்தப் பிராணி அங்கே நிறைய இருப்பதால் இந்தப் பெயர் என்று எழுதியிருக்கிறார்கள். வளை தோண்டி வாழ்கிற பிராணி அது, தமிழில் வளைக்கரடி என்பார்கள். ஆனால் பெயர் வந்தது பிராணியால் இல்லை, மனுஷனால். 1820களில் ஈயம் தோண்ட வந்த கூலிக்காரர்களுக்கு வீடு கட்ட நேரமும் இல்லை, காசும் இல்லை. குளிர்காலத்தில் மலைச்சரிவைக் குடைந்து அந்தப் பொந்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். அவர்களைப் பார்த்து வைத்த பெயர். இதை என் மகள் அவள் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துவிட்டுப் போனில் சொன்னாள். படம் வரைகிறவருக்குப் பிராணி வரைவது சுலபம், அதனால் காரணமும் பிராணியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இண்டியானாவின் 'ஹூசியர்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. 1830களிலேயே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் உறுதி. கதவைத் தட்டினால் "யார் அங்கே" என்று கேட்பார்கள், அந்த ஆங்கில வார்த்தை திரிந்து வந்தது என்று ஒரு கதை. ஹூசியர் என்று ஒரு கான்ட்ராக்டர் இருந்தார், அவருடைய ஆட்களுக்கு வந்த பெயர் என்று இன்னொரு கதை. அட்டை முதல் கதையை மட்டும் எடுத்து, முடிந்த முடிவு மாதிரி அச்சடித்துவிட்டது. 'காரணம் யாருக்கும் தெரியாது, இத்தனை கதைகள் உண்டு' என்று போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு இன்னும் ஆசையாக இருந்திருக்கும்.

நன்றாக இருக்கிற சில அட்டைகள்: டென்னசி (1846இல் மெக்சிகோ போருக்கு 2,800 பேர் கேட்டார்கள், 30,000 பேர் முன்வந்தார்கள், அதனால் 'தொண்டர்' மாநிலம் என்ற பெயர் நிலைத்தது), மினசோட்டா (1858இல் ரயில்வே கடன் விவகாரத்தைக் கிண்டல் செய்து ஒருவர் போட்ட கேலிச்சித்திரத்தில், சட்டசபைக்காரர்களை வளை எலி உடம்போடு ரயில் பெட்டியை இழுக்கிற மாதிரி வரைந்தார், அந்த எலியே மாநிலத்தின் பெயராகிவிட்டது), பென்சில்வேனியா (வளைவு வாசலின் உச்சியில் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கிற நடுக்கல், ஆதியில் இருந்த 13 மாநிலங்களின் நடுவில் இருந்ததால்). நியூ ஜெர்சியைத் 'தோட்ட மாநிலம்' என்கிறார்கள். 1954இல் அதை வண்டி நம்பர் பிளேட்டில் போடச் சட்டசபை தீர்மானம் போட, கவர்னர் ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடியும் நிறைவேற்றி எழுத வைத்துவிட்டது. ஒரு பட்டப்பெயருக்காக அவ்வளவு தூரம் நின்றிருக்கிறார்கள்.

வெர்மான்ட் அட்டையைக் கடையிலேயே பார்த்தேன். 'பச்சை மலை மாநிலம்' என்று இருந்தது. கடைக்கார அம்மா பழைய புதுச்சேரிக் குடும்பம், பிரெஞ்சு படித்தவர். "பேரிலேயே இருக்கே ஐயா. வெர்-னா பச்சை, மோன்-னா மலை" என்றார். அட்டையில் இது இல்லை. லூசியானாவும் அப்படித்தான். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் பெயரை 1682இல் அந்த நிலப்பரப்புக்கு வைத்தார்கள். அதே லூயியின் ஆட்சியில்தான், எட்டு வருஷம் முன்னால், 1674இல், பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்கு இடம் பிடித்தார். ஒரே ராஜாவின் காலத்தில் அங்கே ஒரு லூசியானா, இங்கே ஒரு பொந்திஷேரி. லூசியானாவின் பட்டப்பெயர் கூழைக்கடா. பஞ்ச காலத்தில் தாய்ப் பறவை தன் மார்பைக் கொத்தி ரத்தத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் என்ற பழைய நம்பிக்கையால் வந்தது. மாநிலக் கொடியிலும் அந்தப் படம்தான்.

இனி ஜாதிக்காய்.

திரும்பி வரும் பஸ்சில் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி, கிருமாம்பாக்கம் வரும்போது கனெக்டிகட் அட்டை கைக்கு வந்தது. 'ஜாதிக்காய் மாநிலம்' என்று பெயர். எனக்கு ஒரே ஆச்சரியம், சந்தோஷம். மகள் குடியிருக்கிற மாநிலத்துக்கு நான் தினமும் எடை போடுகிற சரக்கின் பெயர்! கீழே படித்தேன். 'ஆரம்பக் குடியேறிகள் இங்கே ஜாதிக்காய் பயிரிட்டு வியாபாரம் செய்ததால்' என்று இருந்தது. படத்தில் ஒரு மரம், அதில் காய்.

படித்ததும் மனசு கசந்துவிட்டது. மகள் அனுப்புகிற போட்டோவில் பனி முழங்கால் வரைக்கும் கிடக்கும். ஜாதிக்காய் மரம் அங்கே எப்படி நிற்கும்? அது வெயிலும் ஈரமும் கலந்த பூமியில் வளர்கிற மரம். சொந்த ஊர் இந்தோனேசியாவில் பண்டா தீவுகள். நம் பக்கத்தில் கேரளாவிலும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவும் வருகிறது. அந்தச் சரக்குதான் எனக்கும் வருகிறது. பழம் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, மஞ்சள் நிறம். முற்றினால் தானாக இரண்டாக வெடிக்கும். உள்ளே ரத்தச் சிவப்பில் வலை போட்ட மாதிரி இருப்பது ஜாதிபத்திரி. அதை உரித்தால் கறுத்த ஓடு. ஓட்டை உடைத்தால்தான் காய். அதற்காக உலகத்தில் நடக்காத சண்டை இல்லை. பண்டாவில் ரன் என்று ஒரு துளித் தீவு. அதை ஆங்கிலேயர் டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள், நியூயார்க் இருக்கிற மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு என்று ஆனது. 1667 பிரெடா ஒப்பந்தம். ஜாதிக்காய் விளைகிற தீவும் மன்ஹாட்டனும் ஒரு தராசில் இருந்த காலம் அது.

கனெக்டிகட்டுக்கு உண்மையில் அந்தப் பெயர் வந்தது விளைச்சலால் இல்லை, பழியால். அந்த மாநிலத்து ஊர்சுற்றி வியாபாரிகள் தகரப் பாத்திரம், கடிகாரம், பொத்தான், ஊசி, மசாலாச் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு தெற்கு மாநிலங்கள் வரைக்கும் போய் விற்பார்கள். அவர்கள் மரக்கட்டையைக் கடைந்து ஜாதிக்காய் என்று ஏமாற்றி விற்றார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. 'மர ஜாதிக்காய்க்காரன்' என்றால் எத்தன் என்று அர்த்தம். அதையும் அந்த ஊர்க்காரர்கள் சுமந்துகொண்டார்கள். இன்றைக்கும் தங்களை 'நட்மெகர்', அதாவது ஜாதிக்காய்க்காரர், என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பேத்தி வந்ததும் அட்டையைக் காட்டினேன். "தாத்தா, எங்க கார் நம்பர் பிளேட்ல இது இல்லையே. 'கான்ஸ்டிட்யூஷன் ஸ்டேட்'னுதான் இருக்கும்" என்றாள். அதுவும் சரிதான். 1639இலேயே எழுத்து வடிவில் ஆட்சி விதிகளை வகுத்துக்கொண்டவர்கள் என்பதால் 'அரசமைப்பு மாநிலம்' என்பதை 1959இல் சட்டப்படியான பெயர் ஆக்கினார்கள். அரசாங்கம் வைத்த பெயர் வண்டியில் இருக்கிறது, ஜனங்கள் வைத்த பெயர் வாயில் இருக்கிறது.

ஆனால் மரத்தில் ஜாதிக்காய் செய்து விற்றிருப்பார்களா? ஒரு வியாபாரியாக எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் ஒரு நல்ல காயைக் கொடுத்து, "இதே மாதிரி தேக்கில் ஒண்ணு செய்து கொடு தம்பி" என்றேன். பேத்தி கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கடைந்து உருண்டை ஆக்க 14 நிமிஷம். மேலே இருக்கிற சுருக்கமும் வரிகளும் கையால் இழைக்க இன்னும் 25 நிமிஷம். "அண்ணே, ஒரு காய்க்கு இவ்வளவு பாடுபட்டா அவன் என்ன லாபம் பாத்திருப்பான்?" என்று ஆசாரியே கேட்டார். அந்தக் காலத்தில் ஜாதிக்காய் விலை கூடுதல்தான், இருந்தாலும் கூலி கட்டாது.

வாசனையால் பிடிபட்டிருக்குமே என்றும் நினைத்தேன். அதற்காக அந்தத் தேக்குக் காயை ஜாதிக்காய் டப்பாவில் போட்டு வைத்தேன். எட்டு நாள் கழித்து எடுத்தால் அதுவும் கமகமவென்று மணக்கிறது. கண்ணை மூடி மோந்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதனால் மூட்டைக்கு நாலு கலந்தவன் எவனாவது இருந்திருக்கலாம், இல்லவே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஒரு மாநிலமே பேர் வாங்குகிற அளவுக்கு நடந்திருக்காது.

இன்னொரு விளக்கமும் அந்த ஊரில் சொல்கிறார்கள். வாங்கினவர்களுக்கு ஜாதிக்காயைத் துருவித்தான் போட வேண்டும் என்று தெரியாது. கொட்டை மாதிரி உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். உடையவில்லை. உடனே, கட்டையைக் கொடுத்துவிட்டான் என்று கூப்பாடு போட்டிருக்கிறார்கள். நான் இதைத்தான் நம்புகிறேன். ஏனென்றால் இது என் கடையிலேயே நடந்தது.

மூன்று வருஷம் இருக்கும். கைக்குழந்தைக்காரப் பெண் ஒன்று காலையில் கடை திறந்ததும் வந்து காயை மேஜையில் வைத்தது. "ஐயா, நீங்க கொடுத்தது வெறும் கட்டை. அம்மிக்குழவியால இடிச்சேன், நசுங்கவே இல்ல. மிக்சில போட்டா பிளேடு போயிடுச்சு." மாமியார் ஊரில் இல்லை, பக்குவம் சொல்லித்தர ஆள் இல்லை. நான் ஒன்றும் பேசாமல் உரைகல்லை எடுத்தேன். கல்லில் ரெண்டு சொட்டுப் பால் விட்டு, காயைப் படுக்க வைத்து ஒரே பக்கமாக இழுத்தேன். நாலாவது இழுப்பில் பால் காவி நிறமாகி, சந்தனம் மாதிரி ஒரு விழுது கல்லில் நின்றது. தேய்ந்த இடத்தைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளையும் பழுப்புமாக நரம்பு ஓடியிருந்தது, மழைத் தண்ணீர் வடிந்த சுவர் மாதிரி. தைக்கிற ஊசியைச் சூடு காட்டி ஒரு குத்துக் குத்தினேன், வெளியே எடுக்கும்போது ஊசியில் எண்ணெய் மினுங்கியது. அந்தப் பெண் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது. "இதுல எதுவும் கட்டை இல்லம்மா. உரசத்தான் தெரியணும்" என்றேன். உரை மருந்தில் சேர்க்கிற மாசிக்காய், வசம்பு, சுக்கு, கடுக்காய் எல்லாவற்றையும் எப்படிக் கல்லில் பிடிப்பது என்றும் காட்டி அனுப்பினேன்.

நான் உள்ளூரில் இருந்ததால் கல்லை எடுத்துக் காட்ட முடிந்தது. அந்தக் கனெக்டிகட் வியாபாரி அதற்குள் அடுத்த ஊருக்கு நடந்து போயிருப்பான். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பழி தங்கிவிட்டது.

இதையெல்லாம் கேட்ட பேத்தி, ஆட்டத்தின் விதியையே மாற்றினாள். பெட்டியில் இருக்கிற விதிப்படி பட்டப்பெயரைச் சொன்னால் மாநிலத்தைச் சொல்ல வேண்டும், சொன்னவருக்கு அட்டை. அது மனப்பாடம் செய்தவன் ஜெயிக்கிற ஆட்டம். எங்கள் திண்ணை விதி, காரணத்தையும் சொன்னால்தான் அட்டை. தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் சாயங்காலம் ஆனால் வந்துவிடுவார்கள். வாங்குகிறவர்கள் இந்த விதியில் ஆடிப் பாருங்கள், பெட்டியின் மதிப்பு இரண்டு பங்காகிறது.

அதோடு நிற்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி நம் ஊர்ப் பக்கத்துக்கும் அட்டை செய்ய ஆரம்பித்தார்கள். பண்ருட்டிக்குப் பலாப்பழம், நெய்வேலிக்கு நிலக்கரி என்று முதலில் சுலபமானது. அப்புறம் திருப்பாதிரிப்புலியூருக்கு என்ன காரணம் என்று வந்தது. பாதிரி மரம்தான் பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம். அதன் வேர் தசமூலத்தில் சேருகிற பத்தில் ஒன்று, கடையிலிருந்து எடுத்துக் காட்டினேன். புலி எங்கிருந்து வந்தது என்றால், புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம். கரையேறவிட்டகுப்பத்துக்கு, கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய இடம். கடலூர் என்பதே ஆறுகள் கூடுகிற கூடலூர்.

ஒரு பையன் 'குண்டு உப்பலவாடி' என்று எழுதிவிட்டு, "குண்டு எதுக்குத் தாத்தா?" என்றான். அங்கேதான் என் பேத்திக்கு ஆச்சரியம் காத்திருந்தது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. முடிந்த மட்டும் தூரம் போகிற மாதிரி நாலு பக்கமும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு சாலை என்று நாம் தினமும் சொல்கிற பெயரும் அந்த வழியில் வந்ததுதான். அந்தக் கோட்டைக்குத்தான் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்து இதை வாங்கியவர் எலிஹு யேல்.

"யேலா? எங்க யேலா?" என்றாள் பேத்தி.

அவள் ஊர் யேல்தான். 1649இல் அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்தவர். கம்பெனி உத்தியோகத்தில் இருந்தபடியே சொந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார் என்ற புகார் வந்து 1692இல் கவர்னர் பதவி போயிற்று. இங்கிலாந்து திரும்பி, கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகமும் ஒன்பது பொதிச் சரக்கும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. 1718இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள், அதுதான் யேல் பல்கலைக்கழகம். இங்கே சம்பாதித்த காசு அங்கே ஒரு பெயராக நிற்கிறது. மறுநாள் காலையில் அவளைத் தேவனாம்பட்டினம் கூட்டிப்போய்க் கோட்டையில் மிச்சமிருக்கிற சுவரைக் காட்டினேன். வெகு நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆக, இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். தமிழில் இப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை, அந்த ஏக்கம் இருக்கிறது. எட்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து சொன்னால் பொருந்தும். விஸ்கான்சின், இண்டியானா, கனெக்டிகட் மூன்றையும் அச்சில் இருக்கிறபடி நம்ப வேண்டாம். கம்பெனிக்காரர்கள் அடுத்த பதிப்பில் இந்த மூன்றையும் திருத்தி, பெட்டி மூடியைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டால் 590 ரூபாய் தாராளமாகத் தகும்.

கனெக்டிகட் அட்டையை நாங்களே சரிசெய்துவிட்டோம். தப்பான வரிகளின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பேத்தி தன் கையால் ஆங்கிலத்திலும் அதற்குக் கீழே தமிழிலும் எழுதினாள்: 'இங்கே ஜாதிக்காய் விளையாது. விற்றார்கள். வாங்கியவர்களுக்கு உரசத் தெரியவில்லை.' ஊருக்குப் புறப்படும்போது அந்த அட்டையையும் தேக்குக் காயையும் எடுத்துக்கொண்டாள். பெட்டியை எனக்கு விட்டுப் போனாள்.

தெருப் பிள்ளைகள் இன்னும் சாயங்காலம் வருகிறார்கள். 49 அட்டையோடு ஆட முடியாது என்று போன வாரம் புதுச்சேரி போய் இன்னொரு பெட்டி வாங்கினேன். இந்தத் தடவை கடைக்கார அம்மாவும் நானும் மேஜையில் பரப்பி எண்ணினோம். ஐம்பதும் இருந்தது.